பதினேழாம் நாளிலிருந்து: கணவனை இழந்த பெண்ணுக்கு ஊரில் துணையாக இருப்பது எப்படி

சாவு வீட்டை நடத்தத் தெரியாத ஊர் நம் பக்கம் கிடையாது. சேதி சொல்ல ஆள், பந்தல் போட ஆள், பிறந்த வீட்டுக் கோடி எப்போது வரவேண்டும், பால் தெளிப்புக்கு என்னென்ன வாங்கவேண்டும், யார் முன்னால் நிற்கவேண்டும் என்பதெல்லாம் யாருக்காவது தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் சண்டை போட்டாவது முடிவு செய்வார்கள். பதினாறு நாளும் வீடு நிறைய ஆள். காரியம் முடிந்து, பந்தி முடிந்து, வாடகைப் பாத்திரத்தை எண்ணி வண்டியில் ஏற்றிவிட்டு, மகன் திருப்பூருக்கும் மகள் சென்னைக்கும் பஸ் ஏறிய பிறகு அந்தப் பெண்ணுக்கு யார் என்ன செய்யவேண்டும் என்று மட்டும் எந்தச் சாங்கியமும் சொல்வதில்லை. பதினேழாம் நாளுக்கு ஆள் கிடையாது.

இந்தக் குறிப்புகள் அந்த நாளிலிருந்து தொடங்குகின்றன. பக்கத்து வீட்டுக்காரர், ஓரகத்தி, நாத்தனார், மகளிர் குழுவில் கூட இருக்கிற அக்கா, வெளியூரில் இருக்கும் மகள், மருமகள் ஆகியோருக்காக எழுதுகிறேன். பெரம்பலூர், அரியலூர் பக்கத்து மானாவாரி ஊர்கள்தான் என் மனதில் இருக்கின்றன. உங்கள் ஊர்ச் சாங்கியத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில், போங்கள்

என்ன பேசுவது என்று தெரியாமல்தான் பலர் போவதை நிறுத்திவிடுகிறார்கள். தெருவில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறவர்கள்கூட உண்டு, கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, சங்கடம்தான். பேச ஒன்றும் வேண்டாம். போய்த் திண்ணையில் உட்காருங்கள், போதும். முறத்தில் அரிசி இருந்தால் கல் பொறுக்குங்கள்.

துக்க வீட்டில் கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லக்கூடாது, சொல்லாமல்தான் எழுந்து வரவேண்டும், எல்லாருக்கும் தெரியும். பதினாறு முடிந்ததும் அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது, ஆனால் பழக்கத்தில் பலர் அப்படியே சொல்லாமல் எழுந்து வந்துவிடுகிறார்கள். இனிமேல் நாள் சொல்லி எழுந்திருங்கள். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரேன் அத்தை." சொன்னால் போகவேண்டும், அதுதான் முக்கியம். வாரம் முழுக்க யாரும் எட்டிப் பார்க்காவிட்டாலும் வெள்ளிக்கிழமை ஒருத்தி வருவாள் என்று தெரிந்தால் அந்தப் பெண் அன்றைக்கு வாசல் பெருக்கி வைப்பார், தலை சீவிக்கொள்வார்.

"எப்படி ஆச்சு?" என்று நீங்களாகக் கேட்காதீர்கள், பதினாறு நாளில் வந்தவர்கள் எல்லாருக்கும் அதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருப்பார். அவராகச் சொன்னால் பத்தாவது தடவையாக இருந்தாலும் கேளுங்கள். அந்தக் கதையில் பெரும்பாலும் ஓர் இடம் இருக்கும், அங்கே வந்ததும் குரல் மாறும். "காலையில நெஞ்சு என்னமோ பண்ணுதுன்னாரு, கேஸுன்னு நெனச்சு ஓமத்தண்ணி காய்ச்சிக் குடுத்தேன், அப்பவே வண்டி வெச்சுத் தூக்கிட்டுப் போயிருந்தா..." இந்த இடத்தைத்தான் அவர் ராத்திரியெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "அதெல்லாம் நினைக்காதே" என்று உடனே வாயை அடைத்தால் அடுத்த தடவை உங்களிடம் சொல்லமாட்டார், ஆனால் நினைப்பதை நிறுத்தவும் மாட்டார். முழுக்கச் சொல்லவிட்டு, "நானா இருந்தாலும் ஓமத்தண்ணிதான் அத்தை குடுத்திருப்பேன்" என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

சொல்லாமல் இருந்தாலே நல்லது என்று சில பேச்சுகள் உண்டு. "பிள்ளைகளுக்காக மனசைத் தேத்திக்கோ", "அவருக்குக் குடுத்துவெச்சது அவ்வளவுதான்", "எங்க சின்னம்மா மூணே மாசத்துல சரியாயிட்டாங்க." இதைவிட மோசமானது கல்யாணச் சாவு வீட்டில் நடக்கும். எண்பது தாண்டிப் போனவர், பேரன் பேத்தி எடுத்தவர், வெடி வெடித்து, கொட்டு அடித்து, பூப்பல்லக்கில் கொண்டுபோனார்கள், எல்லாருக்கும் நிறைவு. ஐம்பத்தைந்து வருஷம் கூட இருந்த கிழவி மட்டும் மூலையில் உட்கார்ந்திருக்கும், அதனிடம் போய் "ஆயா, நல்ல சாவு" என்று சொல்லிவிட்டு வருவோம். அந்த ஆயாவுக்கு இருபது வயதில் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து சண்டை போட ஒரே ஆள்தான் இருந்தது.

செத்தவரைப் பற்றிப் பேசாமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைக்கவேண்டாம். மாமா வைத்த முருங்கை காய்த்திருக்கிறது என்றால் மாமா வைத்த முருங்கை என்றே சொல்லுங்கள். கண் கலங்கினால் கலங்கட்டும்.

ஒப்பாரி பற்றி ஒரு வார்த்தை. கூட்டமாக, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அழும்போது அந்தச் சாக்கில் ஒவ்வொரு பெண்ணும் தன் தாய்க்கு, தகப்பனுக்கு, சொல்லாமல் வைத்திருந்த எதற்கோ அழுதுவிட்டு வருவாள். இப்போது ஃப்ரீசர் பெட்டி, மைக் செட், கூலிக்கு ஒப்பாரி பாட ஒரு குழு என்று ஆகிவிட்ட இடங்களில் வீட்டுப் பெண்கள் வாய் திறக்கவே நேரமில்லை. எனவே நாலு மாதம் கழித்துக் களை வெட்டும்போதோ கிணற்றடியிலோ அவர் ராகம் இழுக்க ஆரம்பித்தால் தடுக்கவேண்டாம். விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டில் அழக்கூடாது என்று மாமியார் சொன்னால், சரி, காட்டுக்குக் கூட்டிப் போங்கள், அங்கே அழலாம்.

சோறு

ஒருத்திக்குச் சமைப்பது எவ்வளவு அலுப்பு என்று தனியாக இருந்தவர்களுக்குத்தான் தெரியும். காலையில் வடித்த சோறு, ஊறுகாய், ராத்திரிக்கு அதே சோற்றில் தண்ணீர். ரெண்டு மாதத்தில் ஜாக்கெட் தொளதொளத்துப் போகும், கேட்டால் "பசிக்கல" என்பார்.

டிபன் பாக்ஸில் சோறு கொண்டுபோய்க் கொடுப்பது முதல் சில நாளுக்குச் சரி. அதற்கு மேல் அது தர்மம் போல ஆகி, ரோசமுள்ள பெண்ணாக இருந்தால் கதவைச் சாத்திவிடுவார். ஒரு கிண்ணத்தில் குழம்பு மட்டும் கொண்டுபோங்கள். நம் ஊரில் வந்த கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தரமாட்டார்கள், அதில் ஏதாவது போட்டுத்தான் வரும். ரெண்டு நாள் கழித்துக் கீரையோ, ஒரு கரண்டி துவையலோ, பறித்த நாலு கத்திரிக்காயோ வரும். அதைப் போட அவர் அடுப்புப் பற்ற வைக்கவேண்டும், கொல்லைக்குப் போகவேண்டும், உங்கள் வாசல் வரை நடக்கவேண்டும். கிண்ணம் போய்ப் போய் வரட்டும்.

மாத்திரையையும் கவனியுங்கள். பிரஷர், சர்க்கரை உள்ளவர்கள் இந்த மாதங்களில் மாத்திரையை விட்டுவிடுவது சாதாரணமாக நடக்கும், ஞாபகப்படுத்தியவர்தான் போய்விட்டாரே. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் ஆரம்பித்ததிலிருந்து வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கத் தன்னார்வலர் வருகிறார். உங்கள் தெருவுக்கு வருகிற அந்தப் பெண்ணிடம் இந்த வீட்டையும் சொல்லி வையுங்கள்.

கையெழுத்து, கைநாட்டு

இதைத் துக்கக் குறிப்பில் ஏன் எழுதுகிறேன் என்றால், துக்கத்தில் இருக்கும்போதுதான் பெண்களின் சொத்து கைமாறுகிறது. காரியத்துக்குக் கூடிய சொந்தம் கலைவதற்குள், "எல்லாரும் இருக்கும்போதே முடிச்சிடலாம்" என்று சொத்துப் பங்கை விட்டுக்கொடுக்கிற ஒரு விடுதலைப் பத்திரத்தை நீட்டுவார்கள். நீட்டுகிறவர் கெட்டவர் என்று இல்லை, சில சமயம் பெற்ற மகனே. அந்தப் பெண்ணும் எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிற நிலையில் இருப்பார்.

உயில் இல்லாமல் ஓர் இந்து ஆண் இறந்தால், 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சொத்தில் மனைவிக்கும், மகன் மகள் ஒவ்வொருவருக்கும், இறந்தவரின் தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும் சமபங்கு. இதை அந்தப் பெண்ணுக்கு ஒரு தடவை சொல்லி, ஒரு வருஷம் வரை எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடவேண்டாம், அவசரம் என்று யார் சொன்னாலும் "தலைத் திவசம் முடியட்டும்" என்று சொல்லச் சொல்லுங்கள். நல்ல சாக்கு, யாரும் மறுக்கமுடியாது.

ஆனால் தள்ளிப்போடக் கூடாத காகிதங்களும் உண்டு. இறப்பை 21 நாளுக்குள் பதியவேண்டும், கிராம ஊராட்சியில் வி.ஏ.ஓ.விடம். தாமதித்தால் கட்டணம், ஒரு வருஷம் தாண்டினால் அதிகாரியின் உத்தரவு வாங்க அலையவேண்டும். அந்தச் சான்றிதழை வைத்துத்தான் தாசில்தாரிடம் வாரிசு சான்றிதழ், பட்டா மாற்றம், ஆதரவற்ற விதவை உதவித்தொகை எல்லாம். அந்தத் தொகை 2023 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,200 ரூபாய் ஆனது, இ-சேவை மையத்தில் மனுப் போடலாம். கூடவே போங்கள். கவுன்ட்டரில் "கணவர் பெயர்? உயிரோட இருக்காரா?" என்று இருபது பேர் முன்னால் கேட்பார்கள், அப்போது பக்கத்தில் ஒருத்தி நிற்கவேண்டும்.

அவர் கணவரின் பேங்க் பாஸ்புக்கை வாங்கிப் பாருங்கள். வருஷா வருஷம் மே கடைசி வாக்கில் 436 ரூபாயோ 20 ரூபாயோ கழிந்திருக்கிறதா? 436 என்றால் ஜீவன் ஜோதி காப்பீடு, எப்படி இறந்திருந்தாலும் 2 லட்சம், 55 வயது வரைக்கும். 20 என்றால் சுரக்ஷா காப்பீடு, விபத்தில் இறந்திருந்தால் 2 லட்சம். அவர்கள் வீட்டில் யாருக்கும் தெரியாமலே இது ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் குழுக் கடன். வாரா வாரம் வசூலுக்கு வருகிறவர் சாவு வீடு என்று பார்க்கமாட்டார், ஆனால் பல நிறுவனங்களில் அந்தக் கடனுக்குக் கணவரையும் சேர்த்துக் காப்பீடு பிடித்திருப்பார்கள், அதை அவர்களாகச் சொல்லமாட்டார்கள். கேளுங்கள்.

மாட்டை விற்காதீர்கள்

இந்த முழுக் குறிப்பிலும் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மகன் வருவான், அம்மா தனியாகக் கஷ்டப்படக்கூடாது என்று நல்ல எண்ணத்தில்தான், ரெண்டு மாட்டையும் கன்றையும் வியாபாரியிடம் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போவான். மறுநாள் காலை அஞ்சு மணிக்கு அந்த அம்மாவுக்கு எழுந்திருக்க ஒரு காரணமும் இருக்காது. மாடு இருந்தால் அது கத்தும், தண்ணீர் காட்டவேண்டும், சாணி அள்ளவேண்டும், பால் கறக்கவேண்டும். கறந்த பாலைச் சொசைட்டிக்குக் கொண்டுபோகவேண்டும், காலையிலும் சாயங்காலமும். அங்கே கேனை வைத்துவிட்டு வரிசையில் நிற்கும் கால் மணி நேரம்தான் பல பெண்களுக்கு அன்றைய முழுப் பேச்சும். யார் மாடு சினை, எந்த ஊருக்கு மழை, யார் மகளுக்கு மாப்பிள்ளை வந்திருக்கிறது என்று காதில் விழும், பாலில் டிகிரி குறைச்சல் என்று அளக்கிற பையனிடம் நாலு வார்த்தை சண்டை போடலாம். பத்து நாளுக்கு ஒரு தடவை தன் பெயரில் பணம் வரும். இதையெல்லாம் சேர்த்து விற்றுவிட்டு, அம்மாவுக்கு ஓய்வு கொடுத்தோம் என்று நினைக்கிறோம்.

ரெண்டு மாடு முடியாவிட்டால் ஒன்று. மாடே முடியாவிட்டால் நாலு ஆடு. வயதானவராக இருந்தால் கோழி. அதேபோல வீட்டைப் பூட்டிக்கொண்டு சென்னைக்குக் கூட்டிப்போகும் அவசரமும் வேண்டாம். மூன்றாவது மாடியில், எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, கதவைத் திறந்தால் எதிரே இன்னொரு சாத்திய கதவு. ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும், ஊர்ச் சாவி அவர் இடுப்பிலேயே இருக்கட்டும், முடிவு அவர் சொல்லட்டும்.

பொழுது சாய்ந்த பிறகு

பகலில் எப்படியோ ஓடிவிடும். கருக்கலில்தான் நெஞ்சை அடைக்கும், கணவர் வேலையிலிருந்து திரும்புகிற நேரம் அது. பல பெண்கள் டிவிஎஸ் ஃபிஃப்டி சத்தம் கேட்டதாகச் சொல்வார்கள், செருப்பைத் தட்டிவிடுகிற ஓசை கேட்டதாக, கூப்பிட்ட மாதிரி இருந்ததாக. இது மிகவும் சாதாரணம், துக்கத்தில் இருப்பவர்கள் நிறையப் பேருக்கு இருக்கும். பேய் பிடித்ததாக மந்திரிக்கக் கூட்டிப்போகவேண்டாம், புத்தி பிசகிவிட்டது என்று பிள்ளைகளுக்குப் போன் செய்யவும் வேண்டாம். "எனக்கும் எங்கப்பா போனப்ப கேட்டுச்சு" என்று சொல்ல ஒருத்தர் இருந்தால் போதும், பயம் பாதி குறையும்.

துணைக்குப் படுக்க ஒரு பிள்ளையை அனுப்புவது நம் வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் ஒரே பிள்ளையை ஆறு மாதம் அனுப்பினால் அதற்குப் படிப்பு கெடும், அதன் அம்மாவுக்கும் எரிச்சல் வரும். மூணு வீடு பேசி வைத்து மாற்றி மாற்றி அனுப்புங்கள். கொல்லைப் பக்கம் ஒரு பல்பு போடுங்கள். ராத்திரி வெளியே போகப் பயந்தே சாயங்காலத்தில் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். அந்தப் பல்பு எந்த ஆறுதல் வார்த்தையையும்விட மேல்.

வேலை கேளுங்கள்

உதவி செய்துகொண்டே இருந்தால் வாங்குகிறவர் கூனிப்போவார். நீங்கள் அவரிடம் கேளுங்கள். மாசி, பங்குனியில் புளி வரும், "கொட்டை எடுக்க ஆள் இல்ல அக்கா, கொஞ்சம் வாயேன்" என்று கூப்பிடுங்கள். புளி தட்ட உட்கார்ந்தால் நாலைந்து பேர் வட்டமாக உட்காரவேண்டும், கையில் அரிவாள்மணையோ சுத்தியோ இருக்கும், கண் புளியில் இருக்கும், யாரும் யார் முகத்தையும் பார்க்கவேண்டியதில்லை. முகம் பார்த்துச் சொல்லமுடியாதது அங்கே தானாக வந்துவிழும். சின்ன வெங்காயம் நறுக்குவதும் அப்படித்தான், அதில் இன்னொரு வசதி, அழுதால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

அவருக்குக் கைவந்தது எது என்று யோசியுங்கள். வடகம் போடுவாரா, பிள்ளைக்கு உரம் எடுப்பாரா, விதை எடுத்து வைப்பாரா? அதற்கு அவரைத் தேடிப் போங்கள். "நீங்க சொன்ன பக்குவத்துல வரல, வந்து பாருங்க" என்று கூப்பிட்டால் வராதவர் கிடையாது.

நூறு நாள் வேலைக்கு மறுபடி போகச் சொல்லுங்கள், கூலிக்காக மட்டும் இல்லை, மரத்தடியில் சோற்று வாளியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சுக்காக. 1989இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு இன்று ஊருக்கு ஊர் இருக்கிறது, கூட்டத்துக்கு வரமாட்டேன் என்று அவர் விட்டிருந்தால் கூட்டத்தை ஒரு தடவை அவர் திண்ணையிலேயே போடுங்கள். டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை, காரணமே இல்லாமல் சந்தைக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், செலவு டீக்கு மட்டும். முதல் தடவை வரமாட்டார், ரெண்டாம் தடவையும் வரமாட்டார். கோபித்துக்கொள்ளாமல் அடுத்த வாரமும் கேளுங்கள்.

பொட்டு, பூ, விசேஷம்

தனிமையின் பெரும்பகுதி நாமாகப் போடுவது. எதிரே வந்தால் சகுனத் தடை, நலங்குக்கு முன்னால் நிற்கக்கூடாது, மகள் கல்யாணத்திலேயே தாலி தொட்டுக் கொடுக்க முடியாமல் ஓரமாக உட்காரவேண்டும். பத்தாம் நாளோ பதினாறாம் நாளோ ராத்திரியில் வளையல் உடைத்துப் பொட்டு அழிக்கிற சடங்கை, அந்தப் பெண் வேண்டாம் என்றால், செய்யாமல் விடலாம். விட்டால் சட்டப்படி யாரும் ஒன்றும் செய்ய முடியாது, சாமி குத்தமும் இல்லை என்று நான் நினைக்கிறேன். மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் ஊராட்சி இந்தச் சடங்குகள் கூடாது என்று 2022 மே மாதம் தீர்மானமே போட்டது. ஈரோடு மாவட்டத்தில் கணவனை இழந்த ஒரு பெண்ணைக் கோயிலுக்குள் விடமாட்டோம் என்று தடுத்தபோது, அப்படித் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் சொல்லியது.

சரி, தீர்ப்பை வைத்துக்கொண்டு மாமியாரிடம் பேசமுடியாது, எனக்கும் தெரியும். சின்னதாக ஆரம்பியுங்கள். பத்திரிகை வைக்கும்போது அந்த வீட்டைத் தாண்டிப் போகாதீர்கள், உள்ளே போய்க் கையில் கொடுங்கள். விசேஷ வீட்டில் சமையல்கட்டில் ஒளித்துவிடாமல் சந்தனத் தட்டு பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். உங்கள் குழந்தையைத் தூக்கி அவர் மடியில் போடுங்கள், காது குத்துக்கு அவரை நடுவில் உட்காரவைத்துப் போட்டோ எடுங்கள். பொட்டு வைக்கட்டும், வைக்காமல் இருக்கட்டும், அது அவர் விருப்பம். வைத்துத்தான் ஆகவேண்டும் என்று நாம் கட்டாயப்படுத்துவதும் இன்னொரு தொல்லை.

முஸ்லிம் வீடுகளில் நாலு மாதம் பத்து நாள் இத்தா என்ற துக்கக் காலம் இருக்கும். அப்போது பெண்கள் போய்ப் பார்ப்பதில் தடை இல்லை, அக்கம்பக்கத்துப் பெண்கள் போகாமல் இருப்பது தெரியாமைதான்.

யாரும் விசாரிக்காத துக்கங்கள்

சில சாவுகளுக்கு ஊர் கூடாது. ஏழு மாதத்தில் கலைந்த பிள்ளைக்கு, தூக்கத்திலேயே போன பச்சைப் பிள்ளைக்குக் காரியம் கிடையாது, பதினாறும் கிடையாது, "அடுத்தது நல்லபடியா வரும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். அந்தத் தாய்க்குப் பால் கட்டிக்கொண்டு ஜாக்கெட் நனைந்திருக்கும். அவளைப் போய்ப் பாருங்கள். பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

தற்கொலை நடந்த வீட்டுக்குப் போக இன்னும் கூசுவார்கள், போனாலும் காரணம் தோண்டுவார்கள். போங்கள், காரணம் கேட்காதீர்கள்.

அப்புறம் குடித்து அடித்தவனைப் பறிகொடுத்த பெண். "விட்டது சனி" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறோம். அவளுக்கு நிம்மதியும் இருக்கும், அழுகையும் இருக்கும், நிம்மதியாக இருக்கிறதே என்ற குற்ற உணர்ச்சியும் இருக்கும், மூன்றையும் ஒரே நாளில் மாறி மாறிச் சொல்வாள். எதையும் திருத்தவேண்டாம்.

எப்போது டாக்டரிடம்

நம் பெண்கள் மனசு சரியில்லை என்று சொல்லமாட்டார்கள். நெஞ்சு படபடங்குது, கிறுகிறுன்னு வருது, உடம்பெல்லாம் எரியுது, கால் ஓயுது என்பார்கள். கிளினிக்கில் ஓர் ஊசி போட்டு டானிக் எழுதி அனுப்பிவிடுவார்கள். முதலில் உடம்பையே முறையாகப் பாருங்கள், ரத்தம், சர்க்கரை, தைராய்டு எல்லாம். அது சரியாக இருந்தும் தொடர்ந்தால் அடுத்தது மனநல மருத்துவர். மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாளில் மனநல மருத்துவர் வருவார், எந்தக் கிழமை என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள்.

அழுவது நோய் இல்லை, ஒரு வருஷம் அழுதாலும். ஆனால் ஆறு மாதம் தாண்டியும் அன்றாட வேலை எதுவுமே ஓடாமல், இறந்தவர் நினைப்பைத் தவிர வேறு எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலே நீடித்த துக்கத்தைத் தனியாகக் குறிப்பிடுகிறது.

"நானும் போயிட்டா தேவல" என்று சொன்னால் சும்மா சொல்கிறார் என்று விடாதீர்கள். சாக நினைக்கிறீர்களா என்று நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வீட்டில் வயலுக்கு அடிக்கிற மருந்து இருந்தால் அன்றைக்கே எடுத்து வேறு வீட்டில் பூட்டி வையுங்கள், "எங்க வயலுக்கு வேணும்" என்று சொல்லி எடுத்து வரலாம். அன்று தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை. 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் உண்டு. 1986 முதல் சென்னையில் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044-24640050. பெண்களுக்கு 181, முதியவர்களுக்கு 14567. பேசத் தெரியாதவராக இருந்தால் நீங்கள் போன் போட்டு ஸ்பீக்கரில் வையுங்கள்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு

"சாப்பிட்டியாம்மா?" "ம்." "மாத்திரை போட்டியா?" "ம்." "சரி வெக்கறேன்." தினமும் நடக்கிற இந்தப் பேச்சில் ஒன்றும் இல்லை. என்ன குழம்பு, யார் வீட்டிலிருந்து வந்தது, கறுப்புக் கோழி அடைக்கு உட்கார்ந்ததா, சொசைட்டியில் என்ன சண்டை என்று கேளுங்கள். உங்கள் ஆபீஸ் கதையையும் சொல்லுங்கள், மேனேஜர் திட்டினால் அதையும் சொல்லுங்கள், அம்மா அவனைப் பத்து நிமிஷம் வைது தீர்ப்பார், அவருக்கும் அன்றைக்கு ஒரு வேலை. தினமும் ஒரே நேரத்தில் கூப்பிடுங்கள், கருக்கல் நேரமாக இருந்தால் நல்லது. அப்பாவின் நம்பரை உடனே ரத்து செய்யவேண்டாம். சில அம்மாக்கள் அந்தப் போனையும் சார்ஜ் போட்டு வைத்துக்கொண்டிருப்பார்கள்.

பக்கத்து வீட்டு நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அம்மா எடுக்காவிட்டால் மட்டும் கூப்பிடாமல் சும்மாவும் ஒரு தடவை கூப்பிட்டு அவர்களையும் நலம் விசாரியுங்கள். தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது அந்த வீட்டுக்கும் ஒரு பை வாங்கி வாருங்கள். துக்க வருஷம், உங்கள் வீட்டில் பண்டிகை இருக்காது, அவர்கள் வீட்டிலிருந்துதான் அம்மாவுக்குப் பலகாரம் வரும்.